ரேடியேட்டரில் கரைத்த மஞ்சள்

தாட்சாயணி வீட்டுத் துணிக்கொடியின் ஓரத்தில் நான்கு வெள்ளைத் துண்டுகள் எப்போதும் தனியாகக் காயும். பழைய வேட்டியைக் கைக்குட்டை அகலத்துக்குக் கிழித்தவை. ஒன்று இன்ஜின் ஆயிலுக்கு. ஒன்று கியர் பெட்டிக்கு. ஒன்று ஸ்டீயரிங் பெட்டிக்கு. நான்காவது, காற்று வடிகட்டிக்கு அடியில் இருக்கும் எண்ணெய்க் கிண்ணத்துக்கு. தினமும் காலையில் டிராக்டர் ஏறுமுன் நான்கையும் தோளில் போட்டுக்கொண்டு போவாள்.

"கரித்துணியில தொடைக்கக் கூடாதா? வேட்டிதான் கெடச்சுதா?" என்று அண்ணி நளினி ஒருமுறை கேட்டாள்.

"கரித்துணியில தொடைச்சா எண்ணெய் இன்னா கலர்ல கீதுன்னு எப்படி அண்ணி தெரியும்?"

நாகலாபுரத்திலிருந்து பிச்சாட்டூர் போகும் ரோட்டில், மூன்றாவது கிலோமீட்டரில் உள்ள சின்ன ஊர் அவர்களுடையது. தாட்சாயணிக்கு நாற்பத்து மூன்று வயது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கணவன் மாரடைப்பில் போனான். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். அண்ணன் எத்திராஜ் "வராதே" என்று சொல்லவில்லை. "வா" என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இலையோடு இலையாக இன்னொரு இலை விழுந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தாள். எட்டு மணி நேரம் நின்றபடியே அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. கால் வீங்கி, செருப்பு வார் அறுந்து போகும். அந்தச் சமயத்தில்தான் எத்திராஜுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆயிற்று. நடவு சீசன் நடுவில் டிரைவரும் சொல்லாமல் நின்றுவிட்டான். வீட்டில் சிவப்பு டிராக்டர் சும்மா நின்றது. தொண்ணூற்று எட்டில் வாங்கிய வண்டி. மூன்று சிலிண்டர், முப்பத்தைந்து குதிரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாட்சாயணி அதில் ஏறி உட்கார்ந்தாள். திங்கட்கிழமை கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தபோது அவள் சேற்றில் இருந்தாள்.

பக்கத்து நிலத்துக் கங்கையா வரப்பில் நின்று சிரித்தார். "பொம்பள ஓட்டினா சால் நேரா வருமா எத்திராஜு?"

"நேரா வராட்டி நீ வந்து வளைச்சு நடு மாமா" என்றாள் சீட்டிலிருந்து. அடுத்த சீசனில் அவர் நிலத்துக்கும் அவள்தான் உழுதாள்.

வண்டியை அவளுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. தப்புகள்தான் கற்றுக் கொடுத்தன. முதல் வருஷம் கியர் பெட்டியில் எண்ணெய் குறையக் கூடாதே என்று அளவுக்கு மேல் இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டாள். அதிகமான எண்ணெய் சும்மா இருக்குமா? ஆக்சில் ஓரத்து ரப்பர் சீல் வளையத்தைத் தாண்டி, பிரேக் லைனிங்கில் போய் இறங்கியது. வேதநாராயண சாமி கோயில் தெரு இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வைக்கோல் போரில் விட்டு நிறுத்தினாள். அன்று முதல் எந்த எண்ணெயையும் அளவுக் கோட்டைப் பார்க்காமல் ஊற்றியதில்லை. பின்னால் தூக்கிய ரோட்டவேட்டர் கலப்பை, டீ குடித்து வருவதற்குள் தானாகத் தரையில் இறங்கத் தொடங்கியபோது, வெளியே ஒரு சொட்டு இல்லையே, உள்ளேதான் எங்கோ ஒழுகுகிறது என்று அவளே சொன்னாள். லிஃப்ட் பிஸ்டனில் இருந்த ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. தெலுங்கு கலந்து பேசும் புத்தூர் மெக்கானிக் திருமலை அதை மாற்றும்போது, "அக்கா, நூவே சொல்லிட்ட. நான் சும்மா ஸ்பானர் பிடிக்க வந்தேன்" என்றான்.

அப்படிப்பட்டவள்தான் அந்த மஞ்சள் விஷயத்தில் ஏமாந்தாள்.

அக்டோபர் மாதம். கங்கையா நிலத்தில் உழுதுகொண்டிருக்கும்போது ரேடியேட்டர் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இந்தப் பக்கத்தில் லாரிக்காரர், டிராக்டர்காரர் எல்லோரும் அதற்கு ஒரே வைத்தியம்தான் செய்வார்கள். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றிவிடுவார்கள். தூள் உப்பி, ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். தாட்சாயணியும் ரோட்டோரக் கடையில் இரண்டு பாக்கெட் வாங்கிக் கரைத்து ஊற்றினாள். கால் மணி நேரத்தில் சொட்டு நின்றது. வேலை கெடவில்லை. வீட்டில் சொல்லவும் தோன்றவில்லை.

வெளியே சொட்டு நின்றதே தவிர, தண்ணீர் குறைவது நிற்கவில்லை. காலையில் மூடியைத் திறந்தால் ஒரு செம்பு அளவு குறைந்திருக்கும். பழைய வண்டி, ஆவியாகப் போகிறது போல என்று நினைத்து ஒரு செம்பு ஊற்றுவாள். மறுநாளும் ஒரு செம்பு. ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு துணி வைத்திருந்தவள், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

டிசம்பர் மழையில் ஆற்றுக் கால்வாய்க் கரை ஊறிக் கிடந்தது. ஒரு நாள் திரும்பும்போது கரை இடிந்து, டிராக்டரின் இடது பக்கம் கால்வாயில் இறங்கிவிட்டது. இன்ஜினை உடனே அணைத்தாள். முக்கால் மணி நேரம் வண்டி தண்ணீரில் சாய்ந்து நின்றது. உழவுக்கு ஆகாமல் டிரெய்லர் இழுக்க மட்டும் கங்கையா வைத்திருந்த பழைய டிராக்டர்தான் சங்கிலி போட்டு இழுத்தது. தண்ணீர் ஆக்சில் வரைதான் வந்திருந்தது. ஆனால் ஊர் வாய்க்கு அது போதவில்லை. டீக்கடையில் இன்ஜின் மூழ்கியது. பால் சென்டரில் சீட் மூழ்கியது. எத்திராஜின் காதுக்கு வந்து சேர்ந்தபோது தாட்சாயணியே நீச்சல் அடித்துக் கரையேறியிருந்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்தாள். கறுப்பாக வர வேண்டிய எண்ணெய், பால் அதிகம் ஊற்றிய காபி போல வந்தது. கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவு ஏறியும் இருந்தது. எண்ணெய் கூடுவது, குறைவதைவிடக் கெட்ட சங்கதி. இல்லாத ஒன்று உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். அவள் வண்டியைக் கிளப்பவே இல்லை. நேரே அண்ணனிடம் போனாள்.

"அண்ணா, ஆயில்ல தண்ணி கலந்துகீது."

எத்திராஜ் துணியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "கால்வாயில எறக்கினா கலக்காம இன்னா செய்யும்?"

"அன்னிக்கித் தண்ணி அவ்ளோ உசரம் வரலண்ணா. ஆயில் குச்சி ஓட்டைக்கு நாலு விரல் கீழதான் சேத்துக் கோடு இருந்துது."

"ஊரே பார்த்துது தாட்சா. நீ ஒருத்திதான் இல்லன்ற."

திருமலைக்குப் போன் போட்டார்கள். அவன் கால்வாய்க் கதையைக் கேட்டதும் அங்கிருந்தே சொல்லிவிட்டான். "வாய்க்கா தண்ணி உள்ள போச்சுன்னா மண்ணும் போயிருக்கும் அண்ணா. பேரிங் எல்லாம் அரைச்சிருக்கும். தெறக்கிறதுல பிரயோஜனம் லேது."

எத்திராஜ் கெட்டவன் அல்ல. முட்டி வலியோடு நான்கு வருஷமாக இதைச் சமாளித்து அலுத்துப் போனவன். பழைய வண்டியை அப்படியே கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு ஏற்கெனவே இருந்தது. அதற்கு இப்போது ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. புரோக்கரை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரச் சொன்னான். திண்ணமாக இன்னொன்றும் சொன்னான்.

"புது வண்டிக்கு டிரைவர் போட்டுக்கலாம். உனக்கு எதுக்கு இந்த வெயிலும் சேறும்?"

டிராக்டர் சாவி எப்போதும் தாட்சாயணியின் இடுப்பில் இருக்கும். அன்று அவன் கையை நீட்டினான். எடுத்துக் கொடுத்தாள். அவன் அறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்கியது. அவள் அழவில்லை. நான்கு துணிகளையும் சோப்புப் போட்டுத் துவைத்து, பிழிந்து, கொடியில் போட்டாள். இன்ஜின் துணியில் மட்டும் கறை அப்படியே நின்றது. கம்பெனி பஸ் இப்போதும் அதே நேரத்துக்குத்தான் வருகிறதா என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விசாரித்தாள்.

புதன்கிழமை கங்கையா திருப்பதியிலிருந்து புது டிராக்டர் கொண்டு வந்தார். மாலை போட்டு, சந்தனம் வைத்து, வாசலில் நிறுத்தியிருந்தார். சுமங்கலிகள் மூன்று பேர் ஆரத்தி எடுக்க வேண்டும். நளினியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"தாட்சா, ஆரத்தி கரைச்சுக் குடுடி. நான் பொடவ மாத்திக்கினு வரேன்" என்றாள் நளினி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதுக்கு இன்னா அண்ணி, கரைக்கத்தானே. எடுக்கவா போறேன்" என்று தாட்சாயணி தட்டை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். ஒன்பது வருஷமாக இந்த வீட்டு ஆரத்தியை எல்லாம் கரைத்தவள் அவள்தான். தட்டோடு வாசலுக்குப் போனது கிடையாது.

துவைக்கும் கல் பக்கத்தில் குந்தி, பித்தளைத் தட்டில் தண்ணீர் விட்டு மஞ்சளைக் கரைத்தாள். ஆள்காட்டி விரலில் சுண்ணாம்பு எடுத்து அதில் கலக்கினாள். மஞ்சள் தண்ணீர் அந்த விரலைச் சுற்றி முதலில் சிவந்து, பிறகு தட்டு முழுக்கச் சிவந்தது. நூறு தடவை பார்த்த காட்சிதான். நூற்றியொன்றாவது தடவை அவள் கை நின்றுவிட்டது.

தலைக்கு மேலே கொடியில் இன்ஜின் துணி ஆடிக்கொண்டிருந்தது. அதில் கறுப்புக் கறையைச் சுற்றி வெளிறிய மஞ்சள் வளையம் ஒன்று. துரு என்று நினைத்திருந்தாள். துருவா அது? எழுந்து, சுண்ணாம்பு விரலை அந்த வளையத்தில் வைத்தாள்.

நகத்தளவு இடம் மெதுவாகச் சிவந்தது.

ஆனாலும் அவள் உடனே ஓடவில்லை. சேலையோடு சேர்த்து ஊற வைத்தோமே, முந்தானை மஞ்சள் ஒட்டியிருந்தால்? துணியை நம்பக் கூடாது. ஆரத்தித் தட்டை நளினியிடம் கொடுத்தனுப்பிவிட்டு, இரண்டு எவர்சில்வர் டம்ளர்களையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

வண்டி ஒரு வாரமாக அசையாமல் நின்றது. அசையாமல் நின்றால் தண்ணீர் அடியில் தங்கும், எண்ணெய் மேலே நிற்கும். இன்ஜினுக்கு அடியில் படுத்து, எண்ணெய் தங்கும் ஆயில் சேம்பரின் வடிகால் போல்ட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தினாள். எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர்தான் வந்தது. அழுக்காக, அரை டம்ளர். பிறகு அந்தக் காபி நிற எண்ணெய் வரத் தொடங்கியதும் போல்ட்டை இறுக்கினாள். இரண்டாவது டம்ளரில் கால்வாய்த் தண்ணீரை மொண்டு வந்தாள். இரண்டிலும் ஒரே அளவு சுண்ணாம்பு போட்டுக் குச்சியால் கலக்கினாள்.

கால்வாய்த் தண்ணீர் வெறுமே வெளுத்துக் கலங்கியது. இன்ஜின் தண்ணீர் செங்கல் நிறத்துக்குச் சிவந்தது.

கால்வாயில் யார் மஞ்சள் கரைத்தார்கள்? ரேடியேட்டரில் அவள் கரைத்தாள். அப்படியானால் இன்ஜினுக்குள் போனது ரேடியேட்டர் தண்ணீர்தான். மண்ணும் இல்லை, கால்வாயும் இல்லை. சிலிண்டருக்கு உள்ளே பொருத்தியிருக்கும் ஸ்லீவ் குழாயின் அடி ரப்பர் வளையங்கள் வழியாக உள்ளுக்குள்ளேயே ஒழுகியிருக்கிறது. தினமும் ஒரு செம்பு போனதே, அது போன இடம் இதுதான். ஓடுகிற நாளில் இன்ஜின் சூட்டில் ஆவியாகி மூச்சுக்குழாய் வழியே வெளியேறியிருக்கும்; மழையில் வண்டி சும்மா நின்ற நாட்களில்தான் எண்ணெயில் தங்கிவிட்டது.

அந்தக் கணம் வரை இருந்த சந்தோஷம் அங்கேயே பாதியாகிவிட்டது. இந்த டம்ளரை அண்ணன் முன்னால் வைத்தால், மஞ்சள் எப்படி வந்தது என்று கேட்பான். இரண்டு மாதமாகத் தண்ணீர் குறைந்ததை மறைத்தாயா என்று கேட்பான். கால்வாயில் இறங்கியது கரை இடிந்ததால் வந்த விபத்து. இதுவோ அவளுடைய கண்மூடித்தனம். ஒரு பழியைத் துடைக்க இன்னொரு பழியைத் தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொண்டாலும் சாவி திரும்பி வரும் என்று நிச்சயம் இல்லை.

எத்திராஜ் கங்கையா வீட்டுக் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வந்தான். டம்ளர் இரண்டும் அவன் நாற்காலிக்கு முன்னால் இருந்தன.

"இன்னா இது? இங்கயும் ஆரத்தியா?"

"இது கால்வாய்த் தண்ணி. இது இன்ஜின்லேர்ந்து எறக்கின தண்ணி. ரெண்டுலயும் சுண்ணாம்பு போட்டேன். இது செவந்துது, அது செவக்கல. ரேடியேட்டர் தண்ணிதான் உள்ள பூட்ச்சி அண்ணா."

"ரேடியேட்டர் தண்ணி எப்பிடி செவக்கும்?"

அவள் ஒரு மூச்சு விட்டாள். "நான்தான் மஞ்சத்தூள் போட்டேன். அக்டோபர்ல. ஒழுகிச்சு, அடைச்சேன். அப்பால தினம் ஒரு செம்பு கொறையும். ஊத்திகினே இருந்தேன்."

"ரெண்டு மாசமாவா?"

"ஆமா."

"எங்க போவுதுன்னு கேக்கலியா நீ? நாலு துணி வெச்சிக்கினு ஊருக்கே பாடம் சொல்றவ?"

"கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னோடதுதான்." கால்வாய்த் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஆனா கால்வாயில வண்டிய முழுக அடிச்சேன்றது பொய். செய்யாத தப்புக்கு வண்டிய விக்காத. செஞ்ச தப்புக்கு என்னை எறக்கினா எறக்கு. வண்டிய தெறந்து பாத்துட்டு அப்பால முடிவு பண்ணுண்ணா."

எத்திராஜ் சிவந்த டம்ளரில் விரலை விட்டுக் கலக்கி, வேட்டியில் துடைத்துப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

"திருமலை, நாளைக்கு வா. இல்லப்பா, விக்கிறதுக்கு இல்ல. தெறக்கிறதுக்கு."

வியாழன் காலை திருமலை வந்தான். டம்ளர் கதையைக் கேட்டு, "அவுனா?" என்று கண்ணை விரித்தான். எண்ணெயை முழுக்க இறக்கி, ஆயில் சேம்பரைக் கழற்றினான். ரேடியேட்டரில் தண்ணீரை நிரப்பினான். கீழேயிருந்து பார்த்தால் மூன்று சிலிண்டரின் அடிப்பக்கமும் தெரிந்தது.

"இப்போ காத்துகினு இருக்கணும்" என்றான். "ஸ்லீவ் அடியில, வட்டத்து ஓரமா சொட்டினா ரப்பர் ரிங்கு. மாத்திடலாம். பிளாக்குச் சொவத்துல கோடு மாதிரி கசிஞ்சா வெடிப்பு. அப்பிடின்னா அக்கா, நான் சொன்னதே நிஜமாப் போயிடும். சூடு இன்ஜின்மேல ஜில்லுன்னு வாய்க்கா தண்ணி பட்டாலும் வெடிக்கும். நாளைக்குப் புரோக்கருக்கே குடுத்துடுங்க."

தாட்சாயணி டார்ச்சோடு கீழே படுத்தாள். சிலிண்டர் அடிகளைத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பழைய ஈரம் கண்ணை ஏமாற்றக் கூடாது. முதல் சிலிண்டர் காய்ந்திருந்தது. இரண்டாவதும் காய்ந்திருந்தது. மூன்றாவதில் ஒரு மினுமினுப்பு. ஓரத்திலா, சுவரிலா? கண்ணில் நீர் வந்து அதுவும் இதுவும் ஒன்றாகத் தெரிந்தது.

"எனக்குத் தெரிலயே" என்றாள்.

சாக்கு விரிக்கும் சத்தம் கேட்டது. எத்திராஜ், நான்கு வருஷமாகச் சம்மணம் போட முடியாத எத்திராஜ், வலியில் முனகிக்கொண்டே பக்கத்தில் வந்து படுத்தான். முட்டியை மடக்க முடியாமல் கால் கொட்டகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"டார்ச்ச குடு. நீ அழுதுகினு கீற, உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். மினுமினுப்பு திரண்டு, கனத்து, நகர்ந்தது. ஸ்லீவின் வட்டத்து விளிம்பில் வந்து நின்றது. நின்ற இடத்திலிருந்தே அவன் நெற்றியில் சொட்டியது.

"ஓரம்" என்றான் எத்திராஜ். "வட்டத்து ஓரம்தான்டா திருமலை. சொவரு காஞ்சிகீது."

திருமலையும் படுத்துப் பார்த்தான். "ரிங்குதான்." பேரிங் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். மேலே லேசான வெளுப்பு. மண் கீறல் ஒன்றுகூட இல்லை. "பாக்காமலே போன்லயே தீர்ப்பு சொல்லிட்டேன். மன்னிச்சுடு அக்கா."

"நீ மட்டுமா சொன்ன? ஊரே சொல்லிச்சே" என்றாள். அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த மூன்று நாளும் அந்த வேலைதான் நடந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி மூன்று ஸ்லீவையும் உருவினார்கள். கசிந்தது ஒன்றுதான். ஆனால் மூன்றிலும் ஒரே வயசு ரப்பர், ஒன்றை மட்டும் மாற்றினால் ஆடி மாதம் இன்னொன்று ஒழுகும் என்று தாட்சாயணி சொன்னாள். பழைய வளையங்கள் தட்டையாகி, வளைத்தால் ஒடிந்தன. பிளாக்கில் வளையம் உட்காரும் பள்ளத்தைத் துருப் போகத் துணியால் தேய்த்தாள். புது வளையத்துக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, முறுக்கில்லாமல் உட்கார வைத்தான் திருமலை. முறுக்கோடு உட்கார்ந்தால் மறுநாளே ஒழுகும். எல்லாவற்றையும் மூடுவதற்கு முன்னால் தண்ணீர் நிரப்பி மறுபடியும் அடியில் படுத்துப் பார்த்தார்கள். இந்த முறை எத்திராஜ் நாற்காலியிலிருந்தே, "இன்னாச்சு? இன்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். எதுவும் சொட்டவில்லை.

ரேடியேட்டர் மிச்சம் இருந்தது. மஞ்சள் ஓட்டையை மட்டுமா அடைத்தது? உள்ளே இருந்த மெல்லிய குழாய்களில் பாதியை அடைத்து வைத்திருந்தது. அதைக் கழற்றி, வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றி ஊற வைத்தாள் தாட்சாயணி. ஒரு மணி நேரம் கழித்துக் கவிழ்த்தபோது, சுண்ணாம்பு போலவே சோடாவும் மஞ்சளைச் சிவக்க வைத்திருக்க, கொட்டகை வாசல் எங்கும் ரத்தச் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. நளினி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி தாட்சா! கங்கையா மாமா வண்டிக்குக்கூட ஒரு தட்டுதான். நம்ம கெழவனுக்கு அண்டா ஆரத்தியா?"

தாட்சாயணி கொஞ்சம் தயங்கினாள். பிறகு கையில் ஒட்டியிருந்த சிவப்பைத் தொட்டு, டிராக்டரின் முன்மூடியில் ஒரு பொட்டு வைத்தாள். நளினி ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வாசலைக் கழுவிவிட்டாள்.

ரேடியேட்டர் ஓட்டையை நாகலாபுரத்திலேயே பற்ற வைத்து வாங்கி வந்தார்கள். பிறகு சாதாரண எண்ணெய் ஊற்றி இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு இறக்கினார்கள். அதில் இன்னும் பால் நிறம் இருந்தது. இன்னொரு தடவை ஊற்றி ஓட்டி இறக்கியதும் தெளிந்தது. பிறகுதான் புது ஃபில்டர் போட்டு, நல்ல எண்ணெயைக் கோடு வரை ஊற்றினார்கள். ரேடியேட்டரில் இந்த முறை பச்சை நிறக் கூலன்ட் கலந்த தண்ணீர். "மஞ்சள சாம்பாருக்கு மட்டும் போடு அக்கா" என்று சொல்லிவிட்டுத் திருமலை கிளம்பினான்.

வண்டி பிழைத்துவிட்டது. வண்டி ஓட்டுகிறவளைப் பற்றி எத்திராஜ் வாயைத் திறக்கவில்லை. சாவி ஆணியிலேயே இருந்தது. காலையில் அவன் வந்து ஸ்டார்ட் செய்து, அரை மணி ஓடவிட்டு, அணைத்து, சாவியைத் திரும்ப மாட்டிவிடுவான். வேலைக்குப் போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும் என்ற பயம். ஆனால் தினமும் வண்டி ஓடுமுன் ஒரு காரியம் செய்தாள். சேம்பர் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, முதல் சொட்டைத் துணியில் பிடித்தாள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டம் பார்த்தாள். இரண்டையும் அண்ணனிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

"எண்ணெய்தான். தண்ணி இல்ல. ரேடியேட்டர்ல கொறையல."

அவன் "ம்" என்பான்.

ஐந்து நாள் இப்படிப் போயிற்று. ஆறாவது நாள் காலை அவன் வேப்பங்குச்சியோடு கிணற்றடியில் நின்றிருந்தான். அவள் சொல்வதற்கு முன்னால் அவனே கேட்டான்.

"இன்னிக்கி எவ்ளோ ஊத்தின?"

"ஒண்ணியும் ஊத்தல."

"துணிய காட்டு."

காட்டினாள். தேன் நிறத்தில் ஒரு வட்டம். சுற்றிலும் வெள்ளைதான். அவன் விரலால் தேய்த்து, மோந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தான்.

"சொட்டுத் தண்ணி கொறைஞ்சாலும் எங்கிட்ட சொல்லணும். வெளிய சொட்டுதோ இல்லியோ, சொல்லணும்."

"சொல்றேண்ணா."

அவன் வாய் கொப்பளித்துத் துப்பினான். "கோயில் பக்கத்துக்காரங்க ரெண்டு பேரு போன் பண்ணாங்க. நாத்து ரெடியா கீதாம்."

அவள் சாவி எடுக்க அவன் அறைக்குள் போனாள். ஆணி காலியாக இருந்தது. வேறு யாரையோ வரச் சொல்லிவிட்டானா? நாற்று ரெடி என்று சொன்னது யாருக்காக? பிறகு மெதுவாகக் கொட்டகைக்கு நடந்தாள்.

சாவி வண்டியிலேயே செருகியிருந்தது. சீட்டின்மேல், வெயிலில் சூடேறாமல் இருக்க அவள் எப்போதும் போடும் பழைய சாக்கை மடித்துப் போட்டிருந்தான். கொடியிலிருந்து மற்ற மூன்று துணிகளையும் எடுத்து, கையில் இருந்த இன்ஜின் துணியோடு சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். ரோட்டில் ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகட்டும் என்று காத்திருந்து, பிறகு டிராக்டரை ரோட்டில் ஏற்றினாள்.